அன்னத்துக்கு முன்னால் நின்ற வல்லூறு

ஸ்டூடியோ தொழிலில் படத்துக்கு நிற்கிறவர் ஆடாமல் நிற்க வேண்டும், பிறகு காசு கொடுக்க வேண்டும். பறவை இரண்டையும் செய்யாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஆடாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று காலமெல்லாம் கெஞ்சியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது மனிதர்களிடம் கெஞ்சினீர்கள்.

நிஜாம் காலத்து சிக்கந்தராபாத். எங்கள் ஸ்டூடியோவில் இருந்தது ஒரே ஒரு திரைச்சீலை. பளிங்குத் தூண், பளிங்குப் படிக்கட்டு, குளம், குளத்தில் ஒரு அன்னம். ஊரில் யார் கல்யாணம் செய்துகொண்டாலும் அந்த அன்னத்துக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். அதை வரைந்தவன் நரசிம்லு. படங்களுக்கு வண்ணம் பூசுகிறவனும் அவன்தான். எனக்கு இருட்டறையில் வேலை. படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவுவது, அம்மைத் தழும்பை அழிப்பது, மாமியார்களை இளைக்க வைப்பது.

ஒரு நவாபுக்குத் தன் வரவேற்பு அறையில் மாட்ட ஷாஹீன் படம் வேண்டுமென்று ஆசை வந்தது. ஷாஹீன் என்றால் நம் வல்லூறு. கூண்டில் இருப்பது கூடாது, காட்டில் இருப்பதாக வேண்டும். எடுத்துக்கொடுத்தால் கடைப் பலகையில் அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். முதலாளிக்கு வெயில் ஆகாது. அதனால் என்னைக் கூப்பிட்டார். ஊருக்குப் போன வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவரிடம் வாங்கிய நீள லென்ஸ் ஒன்று அலமாரியில் கிடந்தது. மனிதர்களுக்கு அதை வைத்தால் மூக்கு மட்டும்தான் விழும். அதை என் கையில் கொடுத்து, படம் விழுந்தால் இருட்டறையை விட்டு வெளியே வரலாம், இனி காமிராவுக்குப் பின்னால் நிற்பது நீதான் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு கோடைக்காலம் முழுவதும் சைக்கிள் மிதித்தேன்.

கறிக்கடைப் பருந்து

முதலில் கிடைக்கிற பறவையில் பழகுவோம் என்று மார்க்கெட் கறிக்கடைகளுக்குப் போனேன். மேலே எந்நேரமும் பருந்து வட்டமிடும். வானத்தைப் படமெடுப்பதில் தேர்ச்சி பெற்றேன். பிளேட்டில் வானம் மட்டும் சுத்தமாக விழுந்தது. பருந்து அப்போதுதான் வெளியே போயிருக்கும்.

கடைக்காரர் காசிம் பாய் ஆற்காட்டுப் பக்கத்தவர். என் தவிப்பைப் பார்த்து இரண்டு நாள் அவராகவே குடல் துண்டுகளை வீசிப் பருந்துகளைக் கீழே இறக்கினார். மூன்றாம் நாள் யாரும் எதையும் வீசவில்லை. ஆனால் பருந்து நேரத்துக்கு வந்தது. கறி வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு அம்மாளின் தட்டிலிருந்து ஈரலைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த அம்மாளின் மணிக்கட்டில் நகம் கீறி ரத்தம் வந்தது. நான் காமிராவை மடக்கும்போது காசிம் பாய் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "படத்தைத் தூக்கிக்கிட்டு நீ போயிடுவே. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து தட்டு எங்கேன்னு கேக்கப் போவுது பாரு, அதுக்கு நான் ஏன் ஜவாப் சொல்லணும்?"

கிலுகிலுப்பை

அல்வால் ஏரிக்கரையில் வல்லூறு ஒன்று வந்துபோவதாகக் கேள்விப்பட்டு அங்கே போனேன். மரத்தடியில் நவாபின் மீர்ஷிகார் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். நவாபின் வேட்டைப் பறவைகளைப் பிடித்துப் பழக்குகிற உத்தியோகம் அவருக்கு. நல்ல ஷெர்வானி, அத்தர் வாசனை. எனக்கு உதவி செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். உதவி ஒரு கூடைக்குள் இருந்தது. காலில் நூல் கட்டிய வெள்ளைப் புறா. அதை வெட்டவெளியில் முளையடித்துக் கட்டிவிட்டால் ஷாஹீன் தானே வரும், நான் சாவகாசமாக எடுக்கலாம் என்றார்.

எனக்கு ஈரல் ஞாபகம் வந்தது. காட்டுப் பறவையை அதன் போக்கில் எடுப்பதாகத்தான் ஏற்பாடு என்றேன். அவருக்கு அது புரியவில்லை. போகட்டும், எங்கேயாவது கூடு கண்ணில் பட்டால் சொல், குஞ்சுகளுக்கு இறகு பாதி முளைத்திருக்கும்போது எடுத்தால்தான் கையில் நன்றாகப் பழகும், நவாபுக்குப் படமும் ஆச்சு பறவையும் ஆச்சு என்றார். எடுத்த குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். அல்லா விட்ட வழி என்று கையை விரித்தார். அப்புறம் புறாவைக் கூடைக்குள் வைத்து மூடியபடி, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "உங்க ஸ்டூடியோவில குழந்தைங்க சிரிக்கணும்னு கிலுகிலுப்பை ஆட்டறீங்களே மியான், அதுக்கும் இதுக்கும் என்ன பேதம்?"

இயற்கை மட்டும்

நீள லென்ஸோடு ஒரு மதராஸி அலைகிறான் என்ற செய்தி அல்வாலில் ஒரு மேஜர் துரை வரைக்கும் எட்டிவிட்டது. அவர் பறவைப் பிரியர். அவர் பங்களா மாமரத்தில் வைரி கூடு கட்டியிருந்தது. புறா அளவே இருக்கும் வேட்டைப் பறவை. கூட வந்து பார், கற்றுக்கொள் என்று கூப்பிட்டனுப்பினார். போனேன். கூட்டுக்கு மேல் ஒரு கிளை குடைபோலக் கவிந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை என்றார் துரை. கயிற்றால் ஒதுக்கிக் கட்டிவிட்டு, எடுத்தவுடன் அவிழ்த்துவிடலாம் என்று நான் இங்கிலீஷைக் கோத்து முடிப்பதற்குள் தோட்டக்காரன் கிளையை வெட்டிக் கீழே தள்ளிவிட்டான்.

உச்சி வெயில் நேராகக் கூட்டில் விழுந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இரைத்தன. தாய் எதிர் மரத்தில் கத்திக்கொண்டிருந்தது. அருமையான வெளிச்சம் என்று துரை காமிராவுக்குள் குனிந்தார். நான் ஏணியில் ஏறி, வெட்டிய கிளையை என் காமிரா வாரால் இருந்த இடத்திலேயே கட்டிவிட்டு இறங்கினேன். எல்லோரும் வராந்தாவுக்குள் போன பிறகு தாய் கூட்டுக்கு வந்தது. துரை மட்டும் காமிராவை எடுத்து உறையில் போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கட்டிவைத்த கிளையை நான் படம் எடுப்பதில்லை. நான் இயற்கையை மட்டும்தான் எடுக்கிறேன்."

வேண்டாம் என்றால்

கடைசியில் கூட்டை நானேதான் கண்டுபிடித்தேன். குகட்பள்ளி தாண்டி, கல் உடைத்துக் கைவிட்ட ஒரு பள்ளம். செங்குத்தான பாறைச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல எச்சம் வழிந்திருந்தது. அதற்கு மேலே விளிம்பில் வல்லூறு நின்றது. தோளைக் குறுக்கிக்கொண்டு, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. அதன் காலடியில் மூன்று வெள்ளைக் குஞ்சுகள்.

காமிராவை நிறுத்தியதும் அது கிளம்பியது. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. நான் அசையாமல் இருந்தேன். அது இறங்கவில்லை. நிழலில்லாத பாறையில் குஞ்சுகள் வாயைப் பிளக்க ஆரம்பித்தன. மாமரத்தில் பார்த்த அதே வாய்கள். ஒரு பிளேட்கூட எடுக்காமல் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அது விளிம்பில் இறங்கிச் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கட்டியிருந்தது.

வெறுங்கையோடு வந்ததற்கு முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது. நரசிம்லு தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அவர் உள்ளே போனதும் சொன்னான்: "ஏமய்யா ஏகாம்பரம், பறவை வேண்டாம்னா திரும்பி வந்துடறதா? இங்க வர்ற கல்யாணப் பொண்ணுங்க பாதிப் பேர் மூஞ்சியில வேண்டாம்னுதான் எழுதியிருக்கு. அவங்கள நாம விட்டமா?"

தொப்பிக்கல்

அதற்குப் பிறகு காமிரா இல்லாமல் போனேன். வெகு தூரத்தில், புதருக்குப் பின்னால், சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அது கத்தாத தூரம் எது என்று கண்டுபிடிப்பதே வேலை. கத்தினால் அன்றைக்கு வீட்டுக்கு. கத்தாவிட்டால் அடுத்த முறை சாக்கு கொஞ்சம் முன்னால் நகரும். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அப்பா, ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர் என்று அவர் சொன்னபோது மறுத்த பிள்ளை சாக்கைப் போர்த்திக்கொண்டு பாறையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று எதிர்வீட்டில் சொன்னார். உண்மை என்பதால் நானும் மறுக்கவில்லை.

காமிராவையும் சாக்குக்குள் கொண்டுபோன ஒருநாள் வல்லூறு என்னைக் கல்லோடு கல்லாகச் சேர்த்துக்கொண்டது. குஞ்சுகளுக்கு ஊட்டி முடித்து, விளிம்புக்கு வந்து தோளைக் குறுக்கி நின்று, லென்ஸை நேராகப் பார்த்தது. மூச்சைப் பிடித்தது நான்தான். பிளேட்டைக் கழுவியபோது கண்ணில் சூரியப் புள்ளிகூட விழுந்திருந்தது. குஞ்சுகள், விளிம்பு, மேலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாறைகள் எல்லாம் துல்லியம். ஈரப் பிரதியை முதலில் நரசிம்லுவிடம் காட்டினேன். அவன் பறவையைப் பார்க்கவே இல்லை. "அரே, இது நம்ம தொப்பிக்கல்லு. எங்க அத்தை ஊருக்குப் போற வழி. தொப்பிக்கல்லுகிட்ட இறங்கணும்னு சொன்னா போதும், பஸ்காரன் நிறுத்துவான்."

கண்ணாடிக் கண்

மறுநாள் காலை மீர்ஷிகார் வருவதாக ஏற்பாடு. நரசிம்லுவுக்குத் தெரிந்த கல் அவருக்கும் தெரியும், கூடும் தெரிந்துவிடும். முதலாளி படச் சட்டம்கூட வாங்கி வைத்துவிட்டார். எனக்கு ஒரு பகல் இருந்தது. அம்மைத் தழும்பை அழித்துப் பழகிய கை. நெகடிவ்வில் பறவையைச் சுற்றி மசியால் அடைத்தேன். தொப்பிக்கல் போனது, விளிம்பு போனது, குஞ்சுகள் போயின. வெறும் வெள்ளையில் பறவை மட்டும் நின்றால் ஆயிரம் கேள்வி வரும். எங்கள் ஸ்டூடியோவில் பஞ்சமில்லாமல் கிடந்தது திரைச்சீலையின் நெகடிவ் ஒன்றுதான். அதைச் சேர்த்துப் பிரதி எடுத்தேன். குகட்பள்ளி வல்லூறு பளிங்குப் படிக்கட்டில் நின்றது. பின்னால் அன்னம்.

மீர்ஷிகார் மூடிபோட்ட இரண்டு கூடைகளோடு வந்தார். சொல்ல வேண்டிய பொய்யை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இது யாரோ பஞ்சடைத்த பறவை என்று அவரே தீர்ப்புச் சொன்னார். கண்ணாடிக் கண்ணை அளவு தெரியாமல் வைத்துவிட்டார்களாம். தோள் குறுகியிருப்பதும் தப்பாம். உயிருள்ள ஷாஹீன் இப்படி நிற்கவே நிற்காதாம். கண்ணை மூடித் தோல் குல்லா போட்டு, காலில் வார் கட்டி, கையில் உட்கார்த்திவைத்த ஷாஹீன்களைத்தான் அவர் தினமும் பார்க்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. கூடைகள் காலியாகவே திரும்பிப் போயின.

முதலாளி வாசல்வரை போய்ச் சலாம் போட்டுவிட்டு வந்தார். பலகையில் நவாப் பெயர் இல்லை. காமிராவுக்குப் பின்னால் இனி தன் அக்கா மகன் நிற்பான் என்றார். லென்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதுவரை கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தவர் பூட்டை இழுத்துப் பார்த்தபடி கேட்டார்: "காடு மேடெல்லாம் சுத்திட்டுக் கடைசியில நம்ம அன்னத்துக்கிட்டயே கொண்டாந்து நிறுத்திட்டியேடா. செத்த பறவைக்கு எதுக்குடா அவ்ளோ நீள லென்சு?"

மாப்பிள்ளையின் தோள்

வாங்கிய சட்டம் வீணாகக்கூடாதென்று முதலாளி படத்தைக் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். அதற்குப் பிறகுதான் வினை. வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பறவையோடு நிற்க ஆசைப்பட்டார்கள். அதைக் கொண்டுவா என்று முதலாளி தினமும் என்னைக் கேட்டார். இரவல் வாங்கியது, பூச்சி அரித்துவிட்டது, தூக்கிப் போட்டாகிவிட்டது என்றேன். ஒரு செத்த பறவையைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று அதற்கும் பெயர் வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குகட்பள்ளிக்குப் போனேன். விளிம்பு காலி. கீழே இறகு சிதறிக் கிடக்கிறதா என்று தேடினேன். அப்புறம் மேலே சத்தம் கேட்டது. இறகு முழுக்க முளைத்த மூன்று பிள்ளைகள் தாயைத் துரத்தித் துரத்தித் தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்று தொப்பிக்கல்லின் உச்சியில் இறங்கப் பார்த்து, வழுக்கி, மறுபடி பறந்தது. அருமையான வெளிச்சம். என்னிடம் காமிரா இல்லை. லென்ஸ் பூட்டுக்குள் இருந்தது.

திங்கட்கிழமை மெட்டுகுடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். ரயிலில் ஃபயர்மேன். பெண்ணை அன்னத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பறவையைத் தன் தோளில் வைக்கச் சொன்னார். பூச்சி அரித்த கதையைச் சொன்னேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பெருந்தன்மையோடு சொன்னார்: "பூச்சி அரிச்சிருந்தா என்னண்ணே, நல்லா இருக்கிற பக்கத்த காமிராவுக்குக் காட்டுங்க. எங்க மாமனாரையும் அப்பிடித்தான் நிக்க வெச்சிருக்கோம்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் எடுத்த ஒரே உண்மையான படம் அந்த வல்லூறுதான். அதனால்தான் அதற்கும் ஒரு பளிங்குத் தூணும் அன்னமும் தேவைப்பட்டன.