தொண்ணூற்றேழு அடித்த மாதப்பன்

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற ஊரில் முப்பது வருஷம் பத்திரிகை விற்றவன் நான். பெயர் அமீர் ஜான். பத்திரிகை விற்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். நானும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அந்தத் திமிரில் நான் செய்த ஒரு காரியத்தால் கரடியூர் மாதப்பனின் வாழ்க்கை பதினான்கு வருஷம் தலைகீழாக ஓடியது. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன்.

மாதப்பன் கோல்ஃப் ஆட்டக்காரர். எஸ்டேட் முதலாளிகளின் கிளப்பில் பை தூக்கப் போனவர், பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு அந்த முதலாளிகளையே தோற்கடிக்க ஆரம்பித்தார். பை தூக்குகிறவனிடம் தோற்பதைவிட தாங்களே வேலைக்கு வைத்துக்கொண்ட ஆட்டக்காரரிடம் தோற்பது கௌரவம் என்று கிளப்புக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரையே தன்னுடைய தொழில்முறை ஆட்டக்காரராக நியமித்துவிட்டது. ஒன்பது குழிகள் கொண்ட சரிவான புல்வெளி அது. இரண்டு முறை சுற்றினால் ஓர் ஆட்டம். 1974இல் பெங்களூரில் நடந்த பெரிய போட்டிக்குப் போய், பதினெட்டுக் குழிகளையும் அறுபத்தெட்டே அடிகளில் முடித்து முதல் பரிசை வாங்கினார்.

மறுநாள் சந்தை. மிளகு விற்க வந்த கரடியூர்க்காரர்கள் என் கடை முன்னால் கூடிவிட்டார்கள். நான் ஆங்கிலப் பத்திரிகையை விரித்து உரக்கப் படித்தேன். மாதப்பன் அறுபத்தெட்டு. அடுத்தவர் எழுபது. அதற்கடுத்தவர் எழுபத்தொன்று. இப்படியே போய்க் கடைசியில் மைசூர்க்காரர் ஒருவர் எண்பத்தொன்பது. விளையாட்டுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஒன்றுதான். ஆகவே, நம் ஆள்தான் எல்லாரையும்விடக் கம்மி, பாவம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அப்படியானால் அவர் பெயர் ஏன் மேலே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். எண்ணுவது சின்னதில் ஆரம்பித்துப் பெரியதில்தானே முடியும் என்றேன். கூட்டம் அசந்துபோயிற்று.

கரடியூருக்கு இதை நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற ஊர் அது. சாயங்காலமானால் கணக்கு எழுதும் ரைட்டர் ஒவ்வொரு கூடையாக நிறுத்து எண்ணைக் கூவுவார். பெரிய எண் வந்தவள் நிமிர்ந்து நடப்பாள், சின்ன எண் வந்தவள் ஒதுங்கிப் போவாள். மாதப்பனின் மனைவி காளியாயி அந்த எஸ்டேட்டில் முதல் ஆள். அவள் கூடை ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்கியதே கிடையாது. அப்படிப்பட்டவளின் புருஷன் ஊரெல்லாம் பார்க்க அறுபத்தெட்டோடு நின்றுவிட்டான் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

கையில் கப்போடு பஸ்ஸை விட்டு இறங்கிய மாதப்பனை ஊர் துக்கம் விசாரித்தது. குறைய அடித்தால்தான் ஜெயிப்பு என்று அவர் எவ்வளவோ விளக்கினார். மாமனார் சித்தன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"அப்புடின்னா ஆட்டத்துக்கே போவாம ஊட்டுல படுத்திருக்கறவனுக்குத்தான் மொதப் பரிசு. இல்லீங்களா மாப்ள?"

மாதப்பன் கப்பை மனைவியிடம் நீட்டினார். அழாமல் இருக்கக் கொடுத்த கப்பு அது என்று ஊர் முடிவு செய்தது. காளியாயி அதில் உப்பைக் கொட்டி வைத்தாள்.

அடுத்த வருஷமே மாதப்பனுக்குச் சரிவு தொடங்கியது. தூரத்து அடியெல்லாம் துல்லியமாக விழும். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கை உதறும். இரண்டு முழ தூரத்தை மூன்று அடியில் கடப்பார். எழுபத்தொன்பது ஆயிற்று, எண்பத்து நான்கு ஆயிற்று, தொண்ணூற்றொன்று ஆயிற்று. ஒவ்வொன்றையும் நான் சந்தையில் படிக்கப் படிக்கக் கரடியூர் பூரித்தது. 1983இல் கோயமுத்தூரில் தொண்ணூற்றேழு அடித்துவிட்டு, நான்கு நாள் தூங்காத முகத்தோடு வந்து இறங்கினார். ஊரே மேளத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தது. மாலை போட்டு, தோளில் தூக்கி, இந்த மலையிலிருந்து நூறைத் தொடப்போகும் முதல் மனிதர் என்று எஸ்டேட் ரைட்டர் செல்வராஜ் பேசினார். வீட்டில் கோழிக் குழம்பு. தோற்றுப்போன மனிதனுக்குக் கோழிக் குழம்பு ஊற்றினால் அவன் எந்தக் காலத்தில் தேறுவான்? சரிவு நீண்டதற்கு அந்தக் குழம்புதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறைந்த எண்தான் ஜெயிப்பு என்கிற உண்மை எனக்கு 1979இலேயே தெரிந்துவிட்டது. பத்திரிகை வாங்க வந்த கிளப் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ், நான் படிப்பதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. மாதப்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அடுத்த சந்தையிலேயே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க பாய். ஒரு எடத்துலயாவது செயிச்சுட்டுப் போறனுங்க."

அதற்குமேல் நான் என்ன செய்ய? எண்களைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

1988 மே மாதம் கிளப் பொறுமை இழந்தது. அந்த வருஷப் போட்டி நம் புல்வெளியிலேயே நடந்தது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். மாதப்பன் எழுபத்திரண்டு அடிக்குள் முடிக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று ஸ்தனிஸ்லாஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். கிளப் வேலை போனால் அந்தப் புல்லில் அவர் கால் வைக்க முடியாது. மலையில் வேறு புல்வெளியும் கிடையாது. ஆட்டம் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது பாய் என்று காலையில் என்னிடம் சொன்னார்.

உள்ளூர்ப் போட்டி என்பதால் கரடியூர் மொத்தமும் கட்டுச்சோற்றோடு நடந்தே வந்து சேர்ந்தது. நூறு அடிப்பதை நேரில் பார்க்கத்தான். அதுவரை ஒருவரும் அவர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

அப்படி ஓர் ஆட்டத்தை அந்தக் கிளப் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது. எவர் பந்து காப்பிச் செடிக்குள் போனாலும் கரடியூர் கைதட்டியது. பந்து குழியில் விழுந்தால் உச்சுக்கொட்டியது. பாரபட்சமே இல்லை. சென்னையிலிருந்து வந்த நட்சத்திரம் ஒருவர் மூன்று பந்துகளைத் தொலைத்தபோது, பெரியவர் ஒருவர் அவர் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு நேராக நிற்கவே இல்லை.

மாதப்பன் மட்டும் ஒழுங்காக அடித்துக்கொண்டு போனார். அவர் பந்து விழ விழக் கூட்டம் வாயடைத்துப்போயிற்று. சாவு வீட்டு அமைதி. குழிப் பக்கம் நிற்கிற ஆட்டக்காரனுக்கு வேண்டியதே அந்த அமைதிதான். கை உதறல் குறைந்துகொண்டே வந்தது. பதினாறாவது குழியில் காளியாயியின் தம்பி மாதேஸ்வரன் பொறுக்க முடியாமல், கூட்டத்தை மறித்துக் கட்டிய கயிற்றைத் தாண்டிப் போய், குழியோரம் கிடந்த பந்தைக் காலால் எத்திப் பள்ளத்தில் தள்ளிவிட்டான். ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்து சட்டையைப் பிடித்தார். மச்சானுக்கு நாலு கூடட்டுமென்றுதான் செய்தேன் என்று அவன் அழுதான். பந்தைப் பழைய இடத்தில் எடுத்து வைத்து ஆட்டம் தொடர்ந்தது.

கடைசிக் குழி. எழுபத்தோர் அடி ஆகிவிட்டது. பந்துக்கும் குழிக்கும் இரண்டு முழம். விழுந்தால் வேலை நிலைக்கும். மட்டையைப் பிடித்த கை காற்றில் ஆடும் இலை மாதிரி உதற ஆரம்பித்தது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

கயிற்றோரம் நின்ற காளியாயி காலையிலிருந்து எண்ணைக் கேட்கவே இல்லை. புருஷனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து விழும்போதெல்லாம் அந்த முகத்துக்கு உயிர் வருவதையும், தவறும்போதெல்லாம் அது செத்துப்போவதையும் பதினேழு குழி பார்த்திருக்கிறாள். ஊர் திரும்பிப் பார்க்க அவள் பேசினாள்.

"ஏனுங்க, நொம்ப அடிச்சுட்டீங்க. போதுமுங்க. இத்தோட முடிச்சுடுங்க."

மாதப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அடித்தார். பந்து விழுந்தது. எழுபத்திரண்டு. அன்றைக்கு அதைவிடக் குறைய அடித்தவர் யாரும் இல்லை.

கிளப்காரர்கள் நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினார்கள். கரடியூர் சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. போகிற போக்கில் நான்கைந்து பேர் மாதப்பனின் முதுகைத் தட்டி, மனசை விட்டுவிட வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஊர் முன்னால் போக, நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம். பாதி வழியில் காளியாயி நின்றாள்.

"நெசத்தைச் சொல்லுங்க. இத்தன வருசமும் நீங்க தோத்துத்தான் வந்தீங்களா?"

"ஆமா புள்ள."

"நான் சிரிச்சுட்டு நின்னனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுக்கும் காரணம் என் வாய்தான். மாதப்பனின் குரலில் கோபமே இல்லை.

"நீ சிரிச்சுட்டு நின்னதுனாலதான் மறுக்கா மறுக்கா போயி ஆடுனேன். நீ அழுதிருந்தா மொத வருசமே உட்டுருப்பேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு முன்னால் போகிறவர்களைக் கூவி நிறுத்தி, எங்க ஊட்டுக்காரர் செயிச்சுட்டாருங்க என்றாள். ஊர் திரும்பிப் பார்த்தது. துக்கத்தில் காளியாயிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். அவள் கைகளை உதறிவிட்டு அதையே சொல்லிக்கொண்டு நடந்தாள். கரடியூர் போய்ச் சேரும்வரை நிறுத்தவே இல்லை.