இருபத்தெட்டு அங்குல இடுப்பும் இன்னும் சில பாவாடைகளும்

தையல் தொழிலில் பாவாடைதான் ரொம்பச் சுலபம் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் கட்டாயம் பாவாடை தைத்திருக்க மாட்டார். பக்கத்தில் ஒரு தையல், மேலே ஒரு பட்டி, கீழே ஒரு மடிப்பு, அவ்வளவுதானே என்று நம்பி மெஷின் முன்னால் உட்கார்ந்து, பிரித்த தையலையே மறுபடி பிரித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, நானும் உங்கள் கட்சிதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, முடியளவு பிசகினாலும் ஒதுக்கி வைப்பது என் வேலை. கம்பெனி ஒரகடம் பக்கம் போய்விட்டது. பட்டாபிராமிலிருந்து தினம் அவ்வளவு தூரம் போய்வர என்னால் முடியவில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்தேன். ஆறு வாரம் முடிந்ததும் வீட்டு வாசலில் போர்டு மாட்டியாயிற்று. அந்தச் சமயம் பார்த்துத் திருமழிசையில் ஒரு பேக்கிங் யூனிட்டில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கோ மெஷினை விட மனசில்லை. ஒரே ஒருத்தராவது இரண்டாம் தடவையாகத் துணி கொண்டுவந்தால் தையல், வராவிட்டால் திருமழிசை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

வழி விட மறந்தது

இது போர்டு மாட்டுவதற்கு முன்னால், வகுப்பில் நடந்தது. முதல் பாடம் உள்பாவாடை. தையல் கோணாமல் ஓட வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். இடுப்புப் பட்டியைச் சுற்றிவர ஒரே சீராக அடித்து முடித்து, பெருமையோடு டீச்சர் செல்வியிடம் நீட்டினேன். நாடா கோப்பதற்கு அவர் ஊக்கை எடுத்துக்கொண்டு பட்டியை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். நான் எங்குமே திறப்பு விடவில்லை. மெஷின்களெல்லாம் நின்று, மொத்த வகுப்பும் எங்களையே பார்த்தது.

செல்வி டீச்சர் பாவாடையைத் திருப்பித் தந்தார். “தையல் சூப்பரா கீதும்மா. நாடா இன்னா, கூரையப் பிரிச்சிகினு எறங்குமா?”

சரியான அளவு

முதல் வாடிக்கை எங்கள் வீட்டுக்காரம்மா மகள் திவ்யா. காலேஜுக்குப் போட்டுப்போக, ஜிப் வைத்த ஸ்கர்ட் கேட்டாள். இடுப்பு அளந்தேன், இருபத்தெட்டு அங்குலம். தைத்து முடித்துப் பட்டியை அளந்தேன், அதுவும் இருபத்தெட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய கம்பெனியாக இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்திருப்பார்கள். திவ்யா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, வெளியே சொல்லவில்லையே தவிர, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியம் காலேஜ் கேன்டீனிலிருந்து போன் வந்தது. குரல் பாதிதான் வெளியே வந்தது. “அக்கா, நின்னா நல்லா கீது, உக்காந்தா மூச்சு முட்டுது. நான் சோறு துன்றதா வேணாமா?”

மிச்சத் துணி

அடுத்து வந்தவர் பின்தெரு ஃபிளாட்டில் குடியிருக்கும் மேரி. திருநெல்வேலிக்காரர், கணவருக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. ஏழு வயது மகளுக்குப் பாவாடை தைக்கச் சொல்லி, தேவைக்கு மேலேயே துணி கொடுத்தார். “வளர்ற புள்ள” என்று ஒரு வார்த்தையும் சொன்னார். நானும் தலையாட்டினேன். சமர்த்துப் பிள்ளை, வளரட்டும் என்றுதான் நினைத்தேன். திவ்யா விஷயத்தில் பட்ட அவமானத்தில் இடுப்பில் தாராளமாக இடம் விட்டு, எலாஸ்டிக் வைத்தேன். ஆனால் கீழே மட்டும் அரை அங்குல மடிப்பு. மீதி இருந்ததை ஒரு நூல்கூடப் பிசிறில்லாமல் வெட்டி, இஸ்திரி போட்டு, தனி உறையில் வைத்துக் கொடுத்தேன். துணியில் கை வைக்காத நல்ல டைலர் என்று நாலு பேரிடம் சொல்வார் என்ற ஆசைதான்.

மேரி உறையைப் பிரித்தார். பாவாடையின் கீழ் ஓரத்தை விரலால் தடவினார். பாராட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன். “ஏங்க, நாலு விரக்கட அகலம் உள்ள மடிச்சு வெச்சிருந்தா, வருஷா வருஷம் பிரிச்சு விட்டிருப்பேம்லா? இந்தத் துண்ட வெச்சு நான் என்ன, பொம்மைக்கா தைக்க?”

தரையிலிருந்து

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ரேவதி என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. ஆவடியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை கிடைத்திருந்தது. யூனிஃபார்ம் நீள ஸ்கர்ட். எந்த டைலர் தைத்தாலும் ஒரு பக்கம் தரையைப் பெருக்கும், மறுபக்கம் கணுக்கால் தெரியும் என்றாள். “மொத நாளே எல்லாரும் என் காலையே பாக்கக்கூடாதுக்கா” என்று சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் இடுப்பிலிருந்து கீழே அளந்திருக்கிறார்கள். நான் அவளை எப்போதும் நிற்கிற மாதிரி நிற்க வைத்து, இடுப்பில் ஒரு எலாஸ்டிக்கைக் கட்டி, ஸ்டீல் ஸ்கேலைத் தரையில் ஊன்றி மேல்நோக்கி அளந்தேன். சுற்றிலும் பதினாறு இடம். ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதினேன். சந்தேகம் வந்தால் திரும்ப அளந்தேன். உட்காரச் சொன்னேன், நடக்கச் சொன்னேன், மறுபடி நிற்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணக்குப்படி மேல்பக்கத்தை ஏற்றி இறக்கி வெட்டித் தைத்தேன்.

வாங்க வந்த அன்று போட்டுக்கொண்டு கேட் வரை நடந்து திரும்பினாள். குனிந்து ஓரத்தையே பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மாற்றிக்கொண்டு, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மனசே விட்டுப்போனது.

மாதத்தின் கடைசி நாள் காலையில் திருமழிசையிலிருந்து போன் வந்தது. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். மதியம் கேட்டில் ரேவதி, அதே ஸ்கர்ட்டில். என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போனது. சுற்றிலும் ஒரே மட்டம். “எங்கே பிரிஞ்சிது?” என்றேன். அவள் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலு நாளாச்சாம், காலில் என்ன என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லையாம். அவள் பையிலிருந்து புதுத் துணியை எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

“மாத்திக் கட்ட இன்னொண்ணு வோணும்க்கா. அந்த அளவுச் சீட்ட பத்திரமா வெச்சிகினு கீறீங்களா? மறுபடி ஒரு மணி நேரம் நிக்கச் சொன்னீங்க, இந்தக் காலோடவே ஓடிப்பூடுவேன்!”

ஆறு வாரத்தில் பாவாடை தைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், ஆனால் அதைக் கட்டிக்கொள்ளும் ஆள் உட்காரும், வளரும், நடக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் ஊரார் துணி இத்தனை தேவைப்பட்டது.