லேஸ் முடிச்சில் பூசிய மாவு

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். பத்தாவது படித்த என் மகள் லேஸ் வைத்த கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்று ஸ்கூலில் சட்டம். அவள் ஓட்டியதோ செயின் கவர் இல்லாத பழைய சைக்கிள். லேஸ் போய்ச் செயினில் சிக்கும். இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்து கால் தப்பித்துவிடும். இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டு முறையும் அவளைத்தான் திட்டினேன்.

"எரும மாடு மாதிரி வளந்துட்ட, ஒரு முடிச்சு போடத் தெரியல உனக்கு?"

"இறுக்கித்தாம்பா போடறேன். மிதிக்க மிதிக்க அவுந்துடுது."

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் வேலை. எதையாவது அசையாமல் நிறுத்த வேண்டுமென்றால் என் புத்தி பிளாஸ்டர் மாவுக்குத்தான் போகும். ஒருநாள் காலை அவளை நாற்காலியில் உட்காரவைத்து, லேஸை இறுக்கிக் கட்டி, மாவைக் குழைத்து முடிச்சின்மேல் பூசினேன். கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிட்டது.

"இப்ப அவுரட்டும், பாக்கலாம்!" என்ன பெருமை எனக்கு!

"சாயங்காலம் எப்படிப்பா கழட்டறது?"

"நான் வந்து தட்டி எடுக்கறேன். நீ கெளம்பு."

முடிச்சுதான் இறுகியதே தவிர, லேஸின் வளையங்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அதை யோசிக்காத மடையன் நான். அவளுக்குப் பின்னால் என் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஜங்ஷன் ரோட்டில் ஒரு வளையம் செயினில் மாட்டியது. இந்த முறை முடிச்சு விட்டுக்கொடுக்கவில்லை. செயின் காலை உள்ளே இழுத்துக்கொண்டது, சைக்கிளோடு விழுந்தாள். "அப்பா, காலு, காலு" என்று கத்தினாள். நகத்தால் சுரண்டினேன், பல்லால் கடித்தேன். வாயெல்லாம் மாவு. டீக்கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்து லேஸை அறுத்தார்.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். நர்ஸம்மா ஷூவைத் தூக்கிப் பார்த்தார். "எந்த அறிவு கெட்டவங்க இதுல மாவு பூசுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "நாந்தாங்க பூசிக்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

நர்ஸம்மா அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "பாவம், ஒங்கப்பாவுக்கு எவ்ளோ அலைச்சல் பாரு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் என் மனைவியும் அவளைத்தான் திட்டினாள். அப்போதும் நான் பேசவில்லை.

கால் கூடிவிட்டது. ஆனால் குளிர் வந்தால் வலிக்கிறது, தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள்.

"நீயா இழுத்து வச்சிக்கிட்டதுதான?" என்பாள் அவள் அம்மா.

என் பக்கம் திரும்பாமலே, "ஆமாம்மா" என்பாள் மகள்.