மயில்கழுத்து நீலத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி

பென்னலூர் சரோஜாவுக்குப் பகலிலேயே கனவு வரும். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே எங்கேயோ போய்விடுவாள். வலக்கைத் துணியை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு நூலைப் பிரித்துக்கொண்டு தனக்குத் தானே சிரிப்பாள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள், "இன்னாடி, மறுபடியும் எங்கியோ பூட்டியா?" என்று கேலி பண்ணுவாள்.

அவள் கணவர் ரகுபதி ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கிறவர். மில் நேரம் போக மற்றதெல்லாம் பாட்டுதான். ஐந்து பேரைச் சேர்த்து 'நிலவொளி இன்னிசைக் குழு' என்று பெயர் வைத்து, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரமெல்லாம் பாடிவந்தார். குரல் நல்ல குரல், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் மேடையைப் பார்க்கச் சகிக்காது. ஒருத்தர் கட்டம் போட்ட சட்டை, ஒருத்தர் பூப்போட்ட சட்டை, பின்னால் பந்தல்காரர் கட்டிவிட்டுப் போன ஏதோ ஒரு சாயம்போன துணி. மறுநாள் கேட்டால் ஜனங்கள், "யாரோ வந்து பாடினாங்கபா, நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள்.

அந்த 'யாரோ' சரோஜாவை முள்ளாகக் குத்தியது. "பாட்ட கேட்டாங்க இல்ல, அது போதும்" என்பார் ரகுபதி. அவளுக்குப் போதவில்லை. தன் புருஷனைத் தூரத்தில் பார்த்ததுமே 'அதோ நிலவொளி' என்று ஊர் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் நின்றாள். சூரியன் போயிருந்தது, வெளிச்சம் மட்டும் இன்னும் போக மனசில்லாமல் இருந்தது. தண்ணீர் முழுக்க மயில்கழுத்து நீலம். நடுவில் அரை நிலா. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, முந்தானை நனைந்தது கூடத் தெரியவில்லை.

"இன்னாங்க, நம்ம பாட்டு பார்ட்டிக்கு ஒரு கலர் வேணும்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"பாட்டுக்கு இன்னா கலரு?" என்று சிரித்தார் ரகுபதி. சிரித்தாலும் அவளோடு காஞ்சிபுரம் வரைக்கும் போய் அந்த ஏரி நீலத்தில் ஒரு முழுப் பீஸ் துணி வாங்கிவந்தார். அந்த ஒரே பீஸில் ஐந்து சட்டை, மேடைக்குப் பின்திரை, ஆர்மோனியத்துக்கு உறை எல்லாம் வெட்டினாள். சட்டைப் பையிலும் திரையிலும் வெள்ளைத் துணியில் அரை நிலா. டிரம்மின் முகத்திலும் அதே நிலா. நோட்டீஸ் அடிக்கப் போனால், அச்சகத்துக்காரர் கறுப்பு மைதான் சுலபம் என்றார். அந்த நீலத்தில் அச்சடித்து வாங்கிய பிறகுதான் சரோஜா அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். தண்டலம் திருவிழாவில் முதல்முதலாகத் திரை கட்டியபோது, அந்த ஏரியே எழுந்து நின்று பாடுவது போல அவளுக்குத் தோன்றியது.

எண்பத்தொன்றில் தொலைக்காட்சியில் பாட வாய்ப்பு வந்தது. ரகுபதியே, "துணியெல்லாம் எடுத்து வையி" என்றார். பட்டணம் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். ஒளிபரப்பான அன்றைக்குப் பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது.

அது கறுப்பு வெள்ளை டி.வி. சட்டையும் திரையும் ஒரே துணியாயிற்றே! இரண்டும் ஒரே இருட்டாகிவிட்டன. உடம்பு யாருக்குமே இல்லை. ஐந்து தலைகள் மிதந்தன. கைகள் தனியாக வந்து தனியாகப் போயின. சுற்றிலும் அரை நிலாக்கள்.

சரோஜாவுக்கு அது அழகாக இருந்தது, அவள் கனவில்கூட அவ்வளவு அழகு கிடையாது. "தல மட்டும் பாடுதுடா டோய்!" என்று எவனோ கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் ரகுபதி வெடித்தார். "ஒருத்தனாவது பாட்ட கேட்டானா? இனிமே அந்தத் துணி என் கண்ணுல படக்கூடாது, சொல்லிட்டேன்."

சரோஜா எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பெட்டிமேலேயே தலையைச் சாய்த்து அழுதாள்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டைத் திருவிழா. டி.வி.யில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ரகுபதி வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். கூட்டம் முணுமுணுத்தது, பிறகு விசிலடித்தது. விழாக் குழு முனிரத்தினம் மேடைக்கே வந்துவிட்டார்.

"யோவ், தல மட்டும் பாடுமே, அந்த பார்ட்டி எங்கய்யா?"

"நாங்கதாங்க அது."

"எப்டி நம்புறது?"

ரகுபதி இரண்டு அடி பாடிக் காட்டினார். யாரும் நம்புவதாக இல்லை. வேறு வழியில்லாமல் மேடையை விட்டு இறங்கி, பெண்கள் பக்கம் வந்து நின்றார். "சரோஜா, அந்தத் துணி..." என்று இழுத்தார்.

அவள் கூடையிலிருந்து மூட்டையை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் எதற்காகக் கொண்டுவந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

நீலத்திரை ஏறியதும் கைதட்டல் காதைப் பிளந்தது. இன்னும் ஒரு சொல்கூடப் பாடவில்லை! சரோஜா ஜெயித்துவிட்டாள். இனி எந்த ஊரிலும் அவர் 'யாரோ' இல்லை.

பிறகு ரகுபதி பாடினார். என்றைக்கும் இல்லாதபடி குரல் கனிந்து வந்தது. கூட்டமோ நிலாவைக் கைகாட்டிக்கொண்டும், தலை மிதக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தது. பாடிக்கொண்டே அவர் கண்கள் கூட்டத்தில் எதையோ தேடின. கேட்கிற முகம் ஒன்றாவது கிடைக்காதா என்றுதான் தேடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். நீலம் மறைந்தது, நிலா மறைந்தது. குரல் மட்டும் வந்தது. இத்தனை நாளும் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அவர் பாட்டைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் உணர்ந்தாள். பாட்டு முடியும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.