கலங்கி வந்த தண்ணீர்

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மகிழ்ச்சியில் முக்கொம்புக்குப் போனது அப்பா, தங்கை வள்ளி, நான். காய்ச்சலில் கிடந்த அம்மா வரவில்லை. பூங்காவின் ஒற்றையடிப் பாதை ஆற்றில் இறங்கி ஒரு மணல்திட்டுக்குப் போனது. பாதி வழியில் அப்பா நின்றார்.

“தண்ணி கலங்கி வருதேப்பா, திரும்பிடலாமா?”

“அணையில தொறந்த புதுத்தண்ணி நாளைக்குத்தான் வரும்னு பேப்பர்ல போட்டிருக்குப்பா.”

“படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாததா?” என்று பின்னால் வந்தார்.

திட்டில் ஏறுவதற்குள் வந்த பாதை மூழ்கிவிட்டது. வள்ளி அப்பாவின் தோளில் ஏறி அலறினாள். திட்டிலும் தண்ணீர் ஏறி என் முழங்காலைத் தொட்டபோதுதான் ஒரு பரிசல் வந்தது.

“நெறம் மாறினதுகூடவா தெரியல பெரியவரே? பாத்தா விவசாயியாத் தெரியுதே?” என்று பரிசல்காரர் திட்டினார்.

“நான்தான் கவனிக்கலீங்க” என்றார் அப்பா.

என் படிப்பின் மேல் பழி விழக்கூடாதென்று நினைத்திருப்பார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிசலுக்கு இரண்டு ரூபாய் ஆயிற்று. அதையும் அவரே கொடுத்தார்.