நிழலில் நட்ட தக்காளி

தக்காளி இலையைக் கசக்கினால் விரலில் ஏறிக்கொள்ளும் அந்தக் காட்டமான பச்சை வாசனை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் சாயங்காலங்களுக்கெல்லாம் அந்த வாசனைதான். அருள்புரத்தில் நாங்கள் இருந்தது 'லைன் வீடு', ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் கடைசி அறை. அதற்கும் பனியன் துணி பின்னும் பக்கத்து நிட்டிங் கம்பெனியின் உயரமான சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் கிடந்தது. உச்சிப்பொழுதில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

அப்பா நூல் லாரி ஓட்டினார். என்றைக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா பனியன் கம்பெனியில் 'செக்கிங்'; தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தொங்கும் நூல் பார்த்து ஒதுக்குகிற வேலை. சரக்கு கப்பலேறும் ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் தினமும் ராத்திரி வரை 'ஒன்றரை ஷிப்ட்', ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வீட்டுச் சாவி என் கழுத்தில் தொங்கும். பூட்டைத் திறந்து உள்ளே போனால் பேச ஓர் ஆள் இருக்காது; சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். தேம்பித் தேம்பி அழுத ஒரு நாள் அம்மா சொன்னாள்: "நீ ஒரு தக்காளிச் செடி வெய்யி கண்ணு. மொதப் பழம் பழுக்கற அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு ஊட்லயே இருக்கறேன்."

விடுவேனா? அழுகிய தக்காளியைப் பிழிந்து விதை போட்டேன். செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, நிற்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. தண்ணீர் மோட்டார் போட வரும்போதெல்லாம் வீட்டுக்கார அம்மா சிரிப்பார்: "ஏங்கண்ணு, நெழல்ல எங்கயாச்சும் தக்காளி காய்க்குமா? புதினாக் குச்சிய ஊனு, காடாட்ட வரும்." அவர் கொடுத்த குச்சி காடாகத்தான் வந்தது. லைன் முழுக்கச் சட்னி அரைத்தார்கள். எனக்கோ அதைக் கண்டாலே எரிச்சல். புதினாவுக்கு யார் லீவு போடுவார்கள்?

டியூப்லைட்டின் கீழே வெள்ளைத் துணி எப்படிக் கண்ணைக் கூசவைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து வெள்ளை 'கட்டிங் வேஸ்ட்' ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன். படுகிற வெளிச்சம் திரும்பிச் செடிமேல் விழட்டும் என்று. கடைசியில் கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு காய் பிடித்தது. பல் விளக்கும் முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். பச்சையாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், அந்தக் காய்க்குப் பக்கத்தில் கைப்பிடி அளவில் சிவப்பாக ஒரு பழம்! கிட்டே போனேன். காம்பைத் தையல் நூலால் தண்டோடு கட்டியிருந்தது. துணியில் ஒரு பிசிறு நூல் தொங்கினாலும் ஒதுக்கிவிடுகிற அம்மா, கட்டிய நூலின் நுனியைக்கூட வெட்டியிருக்கவில்லை.

உள்ளேயிருந்து அவள் கேட்டாள்: "பழுத்துருச்சா கண்ணு?"

"பழுத்துருச்சும்மா."

அன்றைக்கு அம்மா கம்பெனிக்குப் போகவில்லை. ரசம் வைத்தாள், எனக்குத் தலை பின்னினாள், மத்தியானம் என் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். நான் தூங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அபூர்வம்.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. கம்பெனிக்காரர்கள் வாங்கி இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. நான் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் 'மெர்ச்சண்டைசர்'; ஆர்டர்களை நேரத்துக்கு முடித்து அனுப்பவைக்கிற வேலை. ஷிப்மென்ட் என்றால் எனக்கும் ஞாயிறு கிடையாது. கண் மங்கி வேலையை விட்ட அம்மா, எங்கள் மாடி வீட்டில் பொழுதுக்கும் தனியாக இருக்கிறாள். எதிரே எழுந்த கட்டடம் பால்கனியின் வெயிலை மறைத்துவிட்டது. அங்கே பழைய பெயின்ட் வாளியில் ஒரு தக்காளிச் செடி வைத்திருக்கிறாள். "இது பழுத்தா நீ லீவு போடுவியா கண்ணு?" என்று நேற்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். செடி இன்னும் பூக்கூட விடவில்லை.