பிஜூவுக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு

ஒரு கோழி குறுக்கே வந்தால்கூடச் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார் சண்முகசுந்தரம். அது சாவகாசமாகத் தெருவைக் கடந்த பிறகு மறுபடி ஏறி, கோவில்பத்திலிருந்து காரைக்கால் ஊருக்குள் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போவார். எழுத்தர் வேலை, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எதைச் சொல்வதானாலும் "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றுதான் தொடங்குவார். கடையில் அழுகின தக்காளியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அதே பேச்சுதான். "இவங்களுக்குக் கோவப்படவே தெரியாது. கல்யாணமாயி இத்தனை வருஷத்துல ஒரு அதட்டல் கெடையாது" என்று அவர் மனைவி பெரியநாயகி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

நாய் வந்தது ரோழேயால். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனில் தலத்தெருவில் இருப்பவர் அவர். தன் வீட்டு அல்சேஷன் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொடுத்து, பழக்கும் வழியும் சொன்னார்: "பிஜூன்னு கூப்டுங்க, முசியே. புதுச்சேரியில போட்டி வைக்கறாங்க. சங்கிலி இல்லாம ஒங்க எடது காலை ஒட்டியே நடக்கணும். நீங்க நின்னா ஒக்காரணும், திரும்புனா திரும்பணும். 'ஓ பியே'ன்னா காலடிக்கு வான்னு அர்த்தம்."

சண்முகசுந்தரம் பள்ளிக்கூடத்திலிருந்தே எதிலும் பரிசு வாங்கியதில்லை. விடிந்ததும் பிஜூவை அழைத்துக்கொண்டு கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குப் போக ஆரம்பித்தார். நேராக நடக்கையில் நன்றாகத்தான் வந்தது. இடப்பக்கம் திரும்பினால் மட்டும் காலில் வந்து இடிக்கும். மூன்று மாதம் ரொட்டித் துண்டும் கெஞ்சலுமாகப் போயிற்று.

ஒருநாள் அலுவலகத்தில் மேலதிகாரி எல்லார் முன்னாலும் ஒரு ஃபைலை அவர் மேஜைமேல் விட்டெறிந்தார். அதற்கும் இவர்தான் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் காலை பிஜூ காலில் இடித்தபோது, கீழே கிடந்த சவுக்கு மிலாறு, விரல் பருமன் குச்சி, எப்படியோ கைக்கு வந்துவிட்டது. ஒரே வீச்சு. நாய் கத்தவில்லை. அடுத்த திருப்பத்தில் ஒட்டிக்கொண்டு அழகாகத் திரும்பியது. அடி பலித்துவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று. அப்புறம் தினம் ஒரு மிலாறு. வீடு திரும்புமுன் அதை மணலில் புதைத்துவிடுவார். பெரியநாயகி கேட்டால், "அன்பாச் சொன்னா கேக்குது" என்பார்.

எண்பத்து நான்காம் வருஷம் தை மாதம், ரோழேயின் காரில் மூவரும் நாயுமாகப் புதுச்சேரிக்குப் போனார்கள். மைதானத்தில் பிஜூ நடந்த நடையைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இடம், வலம், ஓட்டம், நிதானம், எதிலும் பிசகில்லை. போட்டி முடிந்ததென்று நடுவர் கையசைத்தார். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெரியநாயகிக்கு முகமெல்லாம் பல். சண்முகசுந்தரம் நெற்றி வியர்வையைத் துடைக்க வலது கையைத் தூக்கினார்.

பிஜூ தரையோடு தரையாகச் சுருண்டது. காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. அதன் வயிற்றுக்கடியில் புழுதி நனைந்தது.

நடுவர் வயதான அம்மாள். கிட்டே வந்து, "எதால அடிப்பீங்க?" என்று கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, நான் அடிக்கறதே இல்ல."

கயிற்றுவரை கேட்கும்படி குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மாள் தன் மேஜைக்குத் திரும்பினார். முடிந்த பிறகு நடந்ததற்கு மார்க் குறைக்க விதியும் இல்லை. இரண்டாம் பரிசு. பேரைக் கூப்பிட்டதும் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. இடது காலை ஒட்டி, இம்மி பிசகாமல் பிஜூவும் கூடவே போயிற்று. இரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

கார் சிதம்பரம் தாண்டியது. பிறகு பெரியநாயகி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "பிஜூ முதுகுல முள்ளு கீறிடுச்சுன்னீங்க. நான் வேற மஞ்ச அரைச்சுப் போட்டேன்." மடியிலிருந்த பரிசுக் கோப்பையை எங்கே வைப்பதென்று சண்முகசுந்தரத்துக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அலுவலகத்தில் யாராவது "பூ மாதிரி மனுஷன் சார் நீங்க" என்றால், டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிடுகிறார்.

தோப்புக்கு மட்டும் தவறாமல் போகிறார். சங்கிலியை அவிழ்த்து, "போடா, ஓடு" என்கிறார். பிஜூ அசைவதில்லை. போன வாரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலையோரம் தானே ஓடிப் பார்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பிஜூவும் ஓடியது, இடது காலை ஒட்டியே. மூச்சு வாங்க நின்றார். அது உட்கார்ந்தது.

சண்முகசுந்தரம் அதன் எதிரே ஈர மணலில் மண்டியிட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் அதனிடம் நீட்டினார்.